வெள்ளிக்காசின் வெட்டும் வல்லத்திராக்கோட்டைக் குட்டையும்

1. விதி

1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பிரிவு நான்கு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது என்பதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதற்கு ஜாமீன் கொடுக்க வேண்டும்.

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பணியில் இருந்த காலம் முழுவதும் யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. ஒரு புதையல் தகவல்கூட என் மேசைக்கு வந்ததில்லை. ஒன்று, இந்தப் பக்கத்தில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அல்லது, கிடைத்தவர்களுக்கும் பிரிவு நான்கு என்னைப் போலவே நன்றாகத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெற்ற ஆறாவது ஆண்டில் அந்தப் பிரிவைப் பயன்படுத்த எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தவறான ஆள் மீது, தவறான காசை வைத்துப் பயன்படுத்தினேன். நடைமுறையில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

புதிதாகப் பழங்காசு சேர்க்கத் தொடங்கியிருப்பவர்கள், திருத்திய ரோமானியக் காசை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் கண்டுபிடிக்கத் தவறியதைத்தான் எழுதுகிறேன். அந்தத் துறையில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

2. ஆட்சேபணை அய்யா

எங்கள் சேகரிப்பாளர் வாட்ஸப் குழுவில் எனக்கு "ஆட்சேபணை அய்யா" என்று பெயர். யாராவது ஒரு காசின் படத்தைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதில் ஒரு குறை சொல்லிவிடுவேன். படம் போட்டவர் மனம் நொந்து போவார். நான் அன்று நன்றாகத் தூங்குவேன்.

முழுப் போலியைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. உருக்கி வார்த்த காசு என்றால் விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், எடை இடிக்கும். கஷ்டம் கொடுப்பது திருத்திய காசு. காசு உண்மையானது, வெள்ளியும் உண்மையானது. ஆனால் தேய்ந்துபோன முகத்தில் யாரோ உளி வைத்துப் புதிதாக முடி வரைந்திருப்பான். மழுங்கிய எழுத்தைக் கூராக்கியிருப்பான். சாதாரண ராஜாவை அபூர்வ ராஜாவாக மாற்றியிருப்பான்.

இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. அச்சில் அடித்த எழுத்து தரையிலிருந்து தானாக மேலே எழும்பி நிற்கும். அதன் பக்கங்கள் மழையில் நனைந்த வரப்பு மாதிரிச் சரிவாக இருக்கும். பின்னால் செதுக்கிய எழுத்துக்கு மேலே எழும்ப வழியில்லை. எழுத்தைச் சுற்றியுள்ள தரையைத் தோண்டித்தான் அதை எழுப்பிக் காட்ட முடியும். ஆகவே எழுத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்த வாய்க்கால் தெரியும். அதில் உளியின் கீறலும் தெரியும். பிறகு செதுக்கிய இடத்தின் வெண்மையை மறைக்கக் கருப்பு ஏற்றியிருப்பார்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால், பூசிய கருப்பு வந்துவிடும். மண்ணுக்குள் கிடந்து ஏறிய கருப்பு வராது.

அந்தத் திரவத்தை வாங்க ஃபேன்சி ஸ்டோருக்குப் போனபோது, என்ன கலர் நகப்பூச்சுக்கு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். சொந்த உபயோகத்துக்கு இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

3. சர்வே எண்

எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு ஒரு பலவீனம் உண்டு. நூறு வருடங்களுக்கும் முன்பு இங்கே மண்ணிலிருந்து ரோமானியப் பொற்காசுகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது காசாகப் புழங்கக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். மற்ற ஊர்க்காரன் வெட்டு விழுந்த காசைப் பழுது என்று ஒதுக்குவான். புதுக்கோட்டைக்காரன் அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி எழுந்து நிற்பான்.

திருச்சியில் ஒரு காசுக் கண்காட்சியில் தரகர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வெள்ளிக்காசை உள்ளங்கையில் வைத்தார். ரோமானிய ராஜா டைபீரியஸின் தலை. நெற்றியில் தொடங்கிக் காதைக் கடந்து பின்னங்கழுத்தையும் தாண்டி ஓரத்து எழுத்து வரை ஒரு வெட்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பொதுவாகத் தரகர்கள் எல்லாக் காசும் கொடும்பாளூரில் உழும்போது கிடைத்தது என்பார்கள். அவர்கள் சொல்வதை நம்பினால் கொடும்பாளூரில் நெல் விளையவே இடம் இருக்காது. இவர் அப்படிச் சொல்லவில்லை.

"வல்லத்திராக்கோட்டை சார். பண்ணைக்குட்டை வெட்டுறாங்க. முத்துலெட்சுமின்னு ஒரு அம்மா நிலம். சர்வே நம்பர் வேணும்னாலும் சொல்றேன்" என்று சொல்லி, உட்பிரிவோடு சொன்னார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் சர்வே எண்ணோடு குடித்தனம் நடத்தியவனிடம் உட்பிரிவோடு எண் சொன்னால் என்ன ஆகும்? மற்றவர்கள் பூவுக்கும் பாட்டுக்கும் மயங்குவார்கள். நான் உட்பிரிவுக்கு மயங்கினேன். என்ன விலைக்கு வாங்கினேன் என்று எழுத மாட்டேன். இதை என் மனைவியும் படிப்பாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் லென்ஸும் கையுமாக உட்கார்ந்தேன். பின்னங்கழுத்துப் பக்கம் இரண்டு எழுத்துகளைச் சுற்றி வாய்க்கால் இருந்தது. யாரோ சமீபத்தில் அவற்றைச் செதுக்கிக் கூராக்கியிருக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அப்ப ஏமாந்துட்டீங்களா?" என்றாள். சின்னக் குறைதான், காசு முக்கியமானது என்று விளக்கினேன்.

பொற்காசில்தான் இங்கே வெட்டு கிடைத்திருக்கிறது, வெள்ளியில் எப்படி என்று ஒரு கேள்வி மனதில் வந்தது உண்மை. அதற்கு என்னிடம் உடனே பதிலும் இருந்தது: இந்த மாவட்டத்தில் வெள்ளியில் கிடைத்த முதல் வெட்டு இதுதான், அதைக் கண்டறிந்தவன் நான்தான். வெட்டை மட்டும் நான் லென்ஸில் பார்க்கவே இல்லை. தெரிந்தவர்களிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

4. மறு உத்தரவு வரும் வரை

அந்த வாரமே ஆறு பக்க அறிக்கை எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. மேற்படி சர்வே எண்ணில் பண்டைய காசு கிடைத்திருப்பதாகவும், நில உரிமையாளர் பிரிவு நான்கின்படி தகவல் தெரிவிக்கத் தவறியதாகவும், தக்க நடவடிக்கை வேண்டும் எனவும் வட்டாட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். காசைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதை மட்டும் என் வசதிக்கு ஏற்பப் படித்து, காசு "அறிக்கையாளரின் பாதுகாப்பில் உள்ளது" என்று எழுதிக்கொண்டேன். பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது.

வட்டாட்சியர் ஒரு காலத்தில் என் பிரிவில் உதவியாளராக இருந்தவர். தடையாணை வரைவு எழுத அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நாலாம் நாள் போன் செய்தார்.

"சார், நீங்களே எழுதினதுக்கப்புறம் நான் சும்மா இருந்தா நல்லாருக்காது. ஸ்டாப் மெமோ போட்டுட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த வாசகத்தையே போட்டிருக்கேன்."

"மறு உத்தரவு வரும் வரை மேற்படி இடத்தில் தோண்டும் பணி நிறுத்தி வைக்கப்படுகிறது" என்பதுதான் அந்த வாசகம். தேதி போடாத தடைக்கு ஆயுள் அதிகம் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது. பொக்லைனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குட்டை பாதி வெட்டியபடி நின்றது. புரட்டாசி மூன்றாம் வாரம்.

5. முத்துலெட்சுமி

அறிக்கை அனுப்பிய ஒன்பதாம் நாள் காலையில் மனைவி வந்து சொன்னாள்.

"ஒங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்கு. கோவமா இருக்கு. காப்பி போடவா, தண்ணி மட்டும் போதுமா?"

நாற்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸில் வந்த வியர்வை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என் நெலத்துல பொதையல் இருக்குன்னு எழுதிக் குடுத்தவுக நீங்கதானா?"

புதையல் இருப்பதாக எழுதவில்லை, கிடைத்ததாகத் தகவல் தெரிவித்தேன் என்று திருத்தினேன்.

"எப்புடிச் சொன்னாலும் வேல நிக்கிது சார். போன வருசம் மாசியில, கதிர் வாங்குற நேரத்துல தண்ணி இல்லாம மொத்தமும் கருகிப் போச்சு. அதுக்குத்தான் கவருமெண்டுத் திட்டத்துல எழுதிப் போட்டு, நாயா அலைஞ்சு இந்தக் குட்டைய வாங்குனேன். இன்னும் பத்து நாள்ல மழை. வர்ற தண்ணிய எதுல புடிக்க? ஒங்க காயிதத்துலயா?"

நிலத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றார். எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் சொன்ன வசனம். பழக்கத்தில் வந்துவிட்டது.

"சரி விடுங்க. என் நெலத்துல கெடச்ச காச நான் ஒரு தடவ பாக்க வேணாமா?"

மறுக்க விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. காசைக் கொண்டுவந்து துணி விரித்து வைத்தேன். லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி, லென்ஸை அசைக்காமல் காசை மட்டும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அப்படிப் பார்க்கப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் டவுனில் ஒரு பாத்திரக் கடையில் பேர் வெட்டியவராம். மிஷின் வருவதற்கு முன் சின்ன உளியும் சுத்தியும்தான். சீர்வரிசைப் பாத்திரம், அன்பளிப்புக் குடம் எல்லாவற்றிலும் பேரும் தேதியும் வெட்டுவது அவர் வேலை.

"இந்த ரெண்டு எழுத்தும் அப்பறமா வெட்டுனது சார்."

எனக்கு அவர் மீது மரியாதை வந்தது. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன் என்றேன்.

"இந்தக் கோடு?"

"அது பழசும்மா. அந்தக் காலத்து வெட்டு."

மறுபடி லென்ஸை வைத்தார்.

"எழுத்து புதுசுங்கிறீங்க. கோடு அந்த எழுத்து மேல ஏறிக் கெடக்கு. அப்பறம் கோடு எப்புடி சார் பழசாகும்?"

நான் லென்ஸுக்குக் கை நீட்டினேன். அவர் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அக்கா, பாகம் பிரிச்சு வந்த பாத்திரம் எதுனா வச்சிருக்கீங்களா?"

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது பாத்திரமும் பிரியும். அப்பா பேர் வெட்டிய பாத்திரம் யார் பங்குக்குப் போகிறதோ, அவர் அந்தப் பேரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் தன் பேரை வெட்டிக்கொள்வார். மனைவி உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்தாள். அதில் என் அப்பாவின் பேர், அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் என் பேர்.

முத்துலெட்சுமி தூக்கை வெளிச்சத்தில் சாய்த்தார்.

"இங்கிட்டுப் பாருங்க சார். பேரு மொதல்ல. கோடு அப்பறம். உளி எறங்கையில ஓரத்துல பிதுங்குனது எங்க போயிருக்கு? எழுத்துப் பள்ளத்துக்குள்ள மடிஞ்சு கெடக்கு. கோடு முந்தி விழுந்திருந்தா, எழுத்து வெட்டுற உளி அந்தப் பிதுக்கத்த அறுத்துட்டுல்ல போயிருக்கும்? இப்ப ஒங்க காசப் பாருங்க."

பார்த்தேன். வெட்டின் ஓரத்தில் பிதுங்கிய வெள்ளி, எழுத்தைச் சுற்றியிருந்த வாய்க்காலுக்குள் அழகாக மடிந்து கிடந்தது. நான் கண்டுபிடித்து, மூன்றாம் பக்கத்தில் பெருமையாகக் குறிப்பிட்ட அதே வாய்க்கால். பஞ்சில் திரவத்தைத் தொட்டு வெட்டுக்குள் துடைத்தேன். கருப்பு முழுவதும் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் நேற்று வெட்டிய மாதிரி வெள்ளி மின்னியது.

காசு பழையது. எழுத்தைச் சமீபத்தில் செதுக்கினார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனாவது எழுந்து நிற்பான் என்று, கடைசியில் வெட்டையும் போட்டிருக்கிறார்கள்.

மனைவி தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னாள்: "இந்தத் தூக்குலதான் முப்பது வருசம் ஒங்களுக்கு ஆபீசுக்குச் சோறு கட்டிக் குடுத்தேன்."

தரகருக்குப் போன் செய்தேன். காசு ஒரிஜினல்தானே சார், வெட்டு எங்கே பட்டது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். சர்வே எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"போர்டுல போட்டிருந்துச்சு சார்."

குட்டை வெட்டும் இடத்தில் திட்டத்தின் பெயர், பயனாளி பெயர், சர்வே எண் எழுதிப் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே படிக்கலாம்.

6. தூர்

மறுநாளே எட்டுப் பக்கத்தில் என்னை நானே மறுத்து ஒரு அறிக்கை எழுதி, நேரில் எடுத்துக்கொண்டு போனேன். வட்டாட்சியர் எழுந்து நின்று வரவேற்றார். படித்தார்.

"தகவலை வாபஸ் வாங்குறதுக்கு ப்ரொவிஷன் இல்லையே சார். கோப்பு மேல போயிருச்சு. அவங்க கருத்து வந்தாத்தான் நான் மெமோவ ரத்து பண்ண முடியும்."

"எப்ப வரும்?"

"நீங்களே சொல்லுங்க சார். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கருத்து கேட்டுப் போன கோப்பு எவ்வளவு நாளில் திரும்பும் என்று மனு கொடுக்க வந்தவர்களிடம் நான் சிரிக்காமல் சொல்லியிருக்கிறேன். அதன்பின் வாரம் இரண்டு முறை போய் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை என்பது, அதற்கு எதிர் அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தும் அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசி முதல் வாரம் நல்ல மழை. முத்துலெட்சுமி போன் செய்து, வேறெதுவும் சொல்லாமல், "வந்து பாருங்க சார்" என்றார். போனேன். வயலில் வடிந்த தண்ணீர் பாதிக் குட்டையில் முழங்கால் அளவு நிறைந்து, மிச்சம் முழுவதும் ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டி முடிக்காத ஒரு பக்கக் கரை சரிந்து உள்ளே கிடந்தது. அவர் குடை பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தா போகுது பாருங்க, மாசி மாசத்துத் தண்ணி" என்றார்.

நான் சரிந்து கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடையாணை என்ன சொல்கிறது? தோண்டக் கூடாது. சரிந்து விழுந்த மண்ணை அள்ளுவது தோண்டுவதில் சேராது. அது தூர் வாருவது. தோண்ட அனுமதி வேண்டும். தூர் வார, சொந்தக் குட்டையென்றால், தகவல் போதும். தூர் வாரும்போது மண் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அளந்து பார்க்க யாரும் வரமாட்டார்கள். வர வேண்டிய வேலையை முப்பத்து மூன்று வருடம் செய்தவன் சொல்கிறேன்.

அங்கேயே குடைக்கடியில் கடிதம் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கீழே, பணியின்போது பழம்பொருள் எதுவும் வெளிப்பட்டால் உடனே தெரிவிக்க நான் பொறுப்பு என்று என் கையெழுத்து. மாலைக்குள் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். முத்திரை குத்தியவருக்கு அது என்ன கடிதம் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நகலைக் கையில் வாங்கிப் பார்த்த முத்துலெட்சுமி கேட்டார்.

"இந்த வழி ஒங்களுக்கு முந்தியே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் சார் யாருக்கும் சொல்லல?"

இதற்கு முன் அந்த வழி எனக்குத் தேவைப்படவில்லை என்ற உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மறந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. பேச்சிலும் எது பின்னால் வெட்டியது என்று அவருக்குத் தெரியும்.

மழை விட்ட இடைவெளியில் பொக்லைன் இரண்டு நாள் தூர் வாரியது. கரையில் நாற்காலி போட்டு, பழம்பொருள் வெளிப்படுகிறதா என்று கண்காணித்தேன். ஒரு செருப்பும் ஒரு சைக்கிள் செயினும் வெளிப்பட்டன. இரண்டையும் கலெக்டருக்குத் தெரிவிக்கவில்லை. விதிமீறல் என்று என் வாழ்நாளில் வேறு எதுவும் நினைவில்லை.

முதல் மழைத் தண்ணீர் போனது போனதுதான். அடுத்த இரண்டு மழை குட்டைக்குள் விழுந்தது.

7. பதில்

அந்தக் காசை விற்கவில்லை. தனிப் பெட்டியில் ஒரு சீட்டோடு இருக்கிறது. குழுவில் யாராவது பார்க்க வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். காசில் பிடிக்காத இடத்தை எல்லோரும் நன்றாகப் பார்ப்பார்கள். பார்த்ததும் எந்த இடம் பிடித்துப் போகிறதோ, அங்கே முதலில் லென்ஸை வையுங்கள் என்று சொல்கிறேன். எது எதன் மேல் கிடக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுப்படியில் ஒரு தூக்கு இருக்கும், அதையும் பாருங்கள். இப்போது எனக்குச் சந்தேகம் வந்தால் நான் படம் எடுத்து முத்துலெட்சுமிக்கு அனுப்புகிறேன். ஆட்சேபணை அவரிடமிருந்து வருகிறது, பெரும்பாலும் ஒரே வரியில்.

குட்டையில் தண்ணீர் ஏழடியைத் தொட்ட வாரத்தில் அவர் மீன்குஞ்சு வாங்கி அதில் விட்டார். அதன்பின் நாலு நாள் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. மேல் அலுவலகத்தின் கருத்து பெறப்பட்டதாகவும், மேற்படி சர்வே எண்ணில் குட்டை தோண்டும் பணியைத் தொடங்க ஆட்சேபணை ஏதுமில்லை எனவும், தகவல் தெரிவித்த எனக்கு நகல் அனுப்பப்படுவதாகவும் எழுதியிருந்தது. வாசகத்தில் ஒரு பிழையும் இல்லை. வந்து சேர்ந்த தேதி, டிசம்பர் இருபத்து மூன்று, தேசிய விவசாயிகள் தினம்.